பாலத்தில் மிதிக்கச் சொன்னவர்

சாவுச் செய்தி எனக்கு எப்போதும் வேலையாகத்தான் வரும். சாரம் பகுதியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்து வாங்கிய அமரர் ஊர்தியை ஓட்டுகிறவன் நான். போன வாரம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவர் போன் செய்தார். "குமாரு, வண்டி எடுக்கணும்பா" என்றார். "எந்தத் தெரு?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "நம்ம சவரிநாதன் வூட்டுக்குத்தான். தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார்.

இத்தனை வருடம் எத்தனையோ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அன்று சாவியை எடுக்கவே கை வரவில்லை.

சவரிநாதன் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மில்லில் பிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு வீட்டு வாசலிலேயே கார், வேன் பழுது பார்த்தார். எங்கள் ஊர்தியைப் பராமரிக்கிற பொறுப்பைச் சங்கம் அவரிடம் கொடுத்திருந்தது. மனிதருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தான் சொன்னது தப்பென்று தெரிந்தாலும் ஒரு டீ குடித்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். அவரோடு நான் சண்டை போடாத வாரம் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு, தவளக்குப்பத்தில் அடக்கம் செய்ய ஓர் அம்மாவின் உடலை ஏற்றிக்கொண்டு கடலூர் சாலையில் போனோம். அண்ணனும் கூட வந்திருந்தார். நோணாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்ஜின் முக்கியதே தவிர வேகம் எடுக்கவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் அந்த அம்மாவின் இரண்டு பிள்ளைகளும், கழுத்து மாலையோடு, இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். பெற்றவளின் சவ வண்டியைப் பிள்ளைகள் நடுரோட்டில் தள்ளியதைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணனும் இறங்கித் தள்ளினார். அன்று திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "இனிமே எந்தப் புள்ளயும் தள்ளக் கூடாது குமாரு" என்றார்.

அதன் பிறகு அவரும் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. டீசல் பில்டர்தான் அடைத்திருக்கிறது என்று அடித்துச் சொன்னார், மாற்றினார். பிறகு ஏர் பில்டர் என்றார். பிறகு பம்ப். ஒவ்வொரு தடவையும் தெருவில் ஓட்டிப் பார்த்தால் வண்டி சமர்த்தாக ஓடும். பாலத்துக்குப் போனால் பழையபடி படுத்துக்கொள்ளும். இன்ஜினே போய்விட்டது, வண்டியை விற்றுவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு கிளம்பியது. வண்டி போனால் எங்கள் பக்கத்து ஏழை வீடுகளுக்கு வேறு வழியில்லை. எனக்கும் சலித்துப்போயிருந்தது. "உட்டுடுங்கண்ணே, நம்மால ஆவாது" என்றேன். என்னை ஒரு முறை முறைத்தார்.

மறுநாள் அவர் செய்த காரியத்தை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து, சடலம் வைக்கிற தட்டில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"யோவ், எழுந்திருங்கண்ணே! இன்னா வேலை இது?" என்று கத்தினேன்.

"கத்தாத. முன்னாடி உக்காந்தா இன்ஜின் சத்தந்தான் கேக்குது. சைலன்சர் இங்கதான் கீழ போது. பாலத்துக்கு வுடு."

மனதுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். பாலத்தில் வண்டி திணறியபோது பின்னாலிருந்து தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஓரங்கட்டு, ஓரங்கட்டு! புகை வெளிய போவல, உள்ளயே முட்டுது!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

வண்டியைப் பின்னால் உருட்டிப் பாலம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சைலன்சருக்கு முன்னாலிருந்த குழாய் இணைப்பைக் கழற்றிவிட்டார். ஊரே திரும்பிப் பார்க்கிற இரைச்சலோடு வண்டி பாலத்தில் சீறி ஏறியது. சைலன்சரைப் பிறகு அறுத்துப் பார்த்தோம். உள்ளே கரி கெட்டியாக அடைத்திருந்தது. பறை முன்னே போக, மாலை ஏந்திய சனங்கள் நடக்க, அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்திலேயே எத்தனையோ வருடம் ஓடிய வண்டி. மரியாதைக்காக மெதுவாக ஓட்டி ஓட்டியே நாங்கள் அதை மூச்சடைக்க வைத்திருந்தோம். புதுச் சைலன்சர் போட்ட பிறகு அண்ணன் ஒரு வழக்கம் வைத்தார். மறுபடி கரி சேராமலிருக்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் காலி வண்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தவளக்குப்பம் வரை வேகமாக ஓட்டிப் போய், டீ குடித்துவிட்டு வருவோம். சவ வண்டி பறப்பதைப் பார்த்து வழியில் நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பாலத்தைத் தாண்டியதும் அண்ணன் டேஷ்போர்டைத் தட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்து ஆளான தன் அப்பா நன்றி சொல்கிற மாதிரி, "மெர்சி" என்பார்.

ஒரு நாள் டீக்கடையில் சொன்னார்: "என்னைய ஏத்திக்கினு வரப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு உருட்டாத. தெருவுல மெதுவா வா. பாலத்துல மிதி." நான் பேச்சை மாற்றினேன்.

அவருடைய பூர்வீகக் கல்லறைத் தோட்டம் தவளக்குப்பத்துக்குப் பக்கம். சாரத்துத் தெருக்களில் நடை வேகத்தில்தான் கொண்டுவந்தேன். அவருடைய மகன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். பாலம் வந்தது. கண்ணை மறைத்ததைத் துடைத்துக்கொண்டு மிதித்தேன். "மாமா, மெதுவா" என்று பதறினான் பையன். "உங்க அப்பா சொன்னதுப்பா" என்றேன். வண்டி எங்கும் தயங்காமல் ஏறி இறங்கியது. பின்னால் தட்டில் அவர் இருந்தார். அன்று தட்டிய மாதிரி ஒரு தட்டு தட்ட மாட்டாரா என்று பைத்தியக்காரத்தனமாகக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினேன்.

உங்களை இறக்கிவிட்டு வந்து களைத்துப்போய்விட்டேன் அண்ணே. இந்த ஞாயிற்றுக்கிழமையும் காலி வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போய் வர வேண்டும். போய் வருவேன். போய் வாருங்கள். உங்கள் பிள்ளை இறங்கித் தள்ளவில்லை. மெர்சி.