சம்பந்தி சிகரெட் பிடிக்க இடம் தேடிய கதை

போன ஞாயிறு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம் நிறையக் கூட்டம். பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவன் அப்பா மாரிச்சாமிக்குச் சொந்த ஊர் சேத்தூர்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அவரும் சிங்கப்பூர்வாசி.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது… என்னைத் தவிர. ஒற்றை மகள். முன்பின் பழகாத குடும்பம். கடல் தாண்டி அனுப்ப வேண்டும். எதை நம்பி?

பெண்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று, மாரிச்சாமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கக் கிளம்பினேன். வாங்கி முடித்ததும் அவர் மெல்ல என் காதருகே வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இங்க சிகரெட் பிடிக்கிறதுக்குன்னு இடம் எங்க இருக்கு?”

எனக்குப் புரியவில்லை. அதற்கென்று தனியாக இடமா?

“சிங்கப்பூர்ல மஞ்சக் கோடு போட்டிருப்பாங்க. அதுக்குள்ள நின்னுதான் பத்தவைக்கணும். பழகிப்போச்சு.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ‘புகை பிடிக்காதீர்கள்’ என்று பெரிய போர்டு. அதன் நிழலில் நின்று மூன்று பேர் நிதானமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரிச்சாமி போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

டீக்கடைக்காரர் தாராளமாக இருந்தார். “இங்கனயே நின்னு அடிங்க அண்ணாச்சி. யாரு கேக்கப் போறா?”

கடை பெஞ்சில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. “புள்ள இருக்குல்ல,” என்றார் மாரிச்சாமி. டீயை மட்டும் குடித்தோம்.

கடைசியில் ஒரு போலீஸ்காரரிடமே போய்க் கேட்டுவிட்டார்! நான் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

“பஸ் ஸ்டாண்டுல கூடாது சார். கோயில், ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஓட்டல்… எங்கயும் கூடாது,” என்று விரல் மடக்கினார் அவர்.

“அப்போ எங்கதான் பிடிக்கலாம்?”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எனக்கே தெரியல சார். இம்புட்டு வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல.”

ஊரைத் தாண்டி, ராஜபாளையம் ரோட்டோரம் ஒரு பொட்டல் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே ஒரு பெண், நாலைந்து ஆடுகளோடு. ‘அப்பாடா’ என்று வண்டியை நிறுத்தினேன். மாரிச்சாமியோ நேராக அந்த அம்மாவிடம் போனார்.

“தாயி, நான் இங்க சிகரெட் பிடிச்சா ஒங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “எங்க வீட்டு மனுசன் அடுப்படிக்குள்ளயே வந்து ஊதுதாரு. அவரக் கூட்டியாரேன்… செத்த நேரம் நீங்களே புத்தி சொல்லிட்டுப் போங்கய்யா!”

நான் சிரித்ததில் ஆடுகள் மிரண்டன.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தள்ளிப் போய் நின்று, ஒன்றே ஒன்று பிடித்தார். சிகரெட் துண்டை அணைத்து, பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அதற்குள் போட்டு மூடினார்.

“விட்டுடலாமே?” என்றேன்.

“டாக்டர் சொல்லியாச்சு, வீட்டுக்காரி சொல்லியாச்சு. மருமக வந்து சொன்னா கேப்பேனோ என்னமோ,” என்றார் வெட்கத்தோடு.

யோசித்துப் பார்த்தேன். எவரும் தடுக்காத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்கிற மனிதர். இவர் வீட்டில் என் பெண்ணின் பேச்சுக்கு மதிப்பு இருக்காதா? நல்ல குணம் தெரிய ஜாதகக் கட்டம்தான் வேண்டுமா என்ன?

“வாங்க சம்பந்தி, போலாம்,” என்றேன். அந்த வார்த்தை அதுவாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

தை மாதம் கல்யாணம். சீர்வரிசை எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்றுதான் — மண்டபத்துக்கு வெளியே, யாருக்கும் புகை போகாத மாதிரி ஒதுக்குப்புறமாக ஓர் இடம்.

ஏசி மண்டபம் கிடைக்கிறது, லிஃப்ட் வைத்த மண்டபம் கிடைக்கிறது… இது மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை!