நேற்றே வந்து போனவள்

நாகூர்க் கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருக்கும் காதர் மைதீனின் மகள் அனீஸா. பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவளுக்குத்தான். தஞ்சாவூருக்கு வந்து பல்கலைக்கழகத்தில் இதழியல் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சே அவளுக்கு வினையாகிப்போனது. பேட்டி எடுக்கப் போனால் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

"கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கோ அனீஸா. அவங்களே பேசுவாங்க" என்று வகுப்பெடுக்கும் வானதி மேடம் சொல்லாத நாளில்லை.

கடைசி ஆண்டு ஆவணப்படத்துக்காக, திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பிறகு வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தாள். கேமராவுக்கு வகுப்புத் தோழன் ராம்கி. இருவருமே அந்த ஊரை அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் வீட்டு வாசலில் அம்சவல்லி என்ற பெண்மணி காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு நாய் ராம்கியைப் பார்த்துக் குரைத்தது. அனீஸாவிடம் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் படுத்தது.

"என்ன பாப்பா, மறுபடியும் வந்திருக்க? நேத்துதானே எல்லாத்தையும் கேட்டுட்டுப் போன?"

"இல்லம்மா, நான் இப்பதான் முதல் தடவையா வர்றேன்."

அம்சவல்லி சிரித்தார். "இதே பச்சைப் பை, இதே முக்காடு. சீனி போடாத டீதானே குடிப்ப?"

அனீஸா ராம்கியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சீனி போட்டுக்கொள்வதில்லை.

அடுத்தடுத்த வீடுகளிலும் நேற்றே சொல்லிவிட்டதாகத்தான் சொன்னார்கள்.

"வேற காலேஜ் பொண்ணா இருக்கும்" என்றான் ராம்கி.

"மூஞ்சி கூடவா ஒண்ணா இருக்கும்?"

அனீஸா அம்சவல்லியிடமே திரும்பி வந்தாள்.

"நேத்து உங்ககிட்ட என்ன கேட்டேன்மா?"

"தண்ணி வருதான்னு கேட்ட. அப்புறம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்த. அப்படி நீ உக்காந்திருக்கவும் எனக்கு மனசு தாங்கல. எம்பொண்ணு மலர்க்கொடி வீட்டை விட்டுப் போன அன்னிக்கு நான் அவளை என்ன சொன்னேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கிட்ட சொல்லிட்டேன்."

"எனக்காக இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"மாட்டேன் பாப்பா. அது நேத்தோட போச்சு." அவர் கையை நீட்டிக் காட்டினார். "வாய்க்கால் கரையோடயே நடந்து போன. அந்தப் பக்கம் வழி கிடையாதுன்னு கத்துனேன். நீ திரும்பியே பாக்கல."

கரையில் நாணல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

படத்தில் அம்சவல்லி ஒரு வார்த்தையும் பேசாமல் நெல்லைத் துழாவிக்கொண்டிருப்பார். வகுப்பில் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் அனீஸா ஒரு நாளிதழின் நாகப்பட்டினம் அலுவலகத்தில் நிருபராகச் சேர்ந்தாள்.

மறு வருடம் தூர்வாரும் வேலையைப் பற்றி எழுத அதே ஊருக்குப் போகவேண்டி வந்தது. அம்சவல்லி ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"மலர்க்கொடி வந்துட்டா பாப்பா! நீ திருப்பூர் வரைக்கும் போயி, அன்னிக்கு அவளைச் சொன்னதுக்கு நான் படுற வேதனையைச் சொல்லலன்னா வந்திருப்பாளா?"

அனீஸா திருப்பூருக்குப் போனதே இல்லை. உள்ளிருந்து சிரித்தபடி வந்த மலர்க்கொடி, அவளை நேருக்கு நேர் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"அம்மா, இவங்க இல்ல."

"என்னடி உளறுற?"

"மூஞ்சி இதேதான். ஆனா இவங்க இல்லம்மா."

"அவங்க உங்ககிட்ட பேர் சொன்னாங்களா?" அனீஸா கேட்டாள்.

"நாகூர் அனீஸான்னு சொன்னாங்க."

செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே அவள் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றாள்.

"இனிமே எதுலயும் என் பேர் போட வேணாம் சார்."

"ஏம்மா? எல்லாரும் பேர் போடலன்னுதானே சண்டைக்கு வருவாங்க?"

"அந்தப் பேர்ல என்னைவிட நல்லாக் காது கொடுத்துக் கேக்குறவ ஒருத்தி இருக்கா சார்."

 இன்றும் அனீஸா எழுதுவதன் மேலே 'நமது நிருபர்' என்றுதான் இருக்கிறது.