மிளகுக்கு ஊர் கேட்டார்கள்

மிளகைக் கடித்துப் பார்த்தே அது எந்தப் பக்கத்துக் கொடி என்று சொல்வேன் என, இலங்கையில் பிலிமத்தலாவை ஊர் மிளகுக் கடையில் பதினைந்து வருடமாக வாயடித்துக்கொண்டிருந்தவள் நான். வாங்குவது, தரம் பிரிப்பது, ஏற்றுமதிக்கு மூட்டை கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி கையெழுத்துப் போடுவதோடு சரி.

போன வருடம் இந்தியத் துறைமுகத்தில் எங்கள் கொள்கலனை நிறுத்திவிட்டார்கள். இலங்கை மிளகுக்கு அங்கே வரிச்சலுகை உண்டு. வேறு நாட்டு மிளகு நம் பெயரில் நுழைகிறதோ என்று இப்போதெல்லாம் எல்லா மூட்டையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். எங்கள் மூட்டையைப் பிரித்தால் உள்ளே வியட்நாம் எழுத்து.

அது வியட்நாம் அரிசி வந்த பழைய சாக்கு. நல்ல சாக்கை எங்கள் தொழிலில் யாரும் எறியமாட்டார்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சுத்தமாகத் தைப்போம். அப்படித் தைக்கச் சொன்னது நான். அழகுக்குச் செய்தது ஒளித்துவைத்ததுபோல் ஆகிவிட்டது.

"யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீங்க கண்டெய்னரோட சறுக்கிட்டீங்க," என்றார் முதலாளி. அவர் சிரிக்கவில்லை. சரக்குத் திரும்பினால் அதை வாங்கிய இந்திய வியாபாரி இனி எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். வேறு வாங்குபவரும் இல்லை, கடையை மூடவேண்டியதுதான். துறைமுகத்தில் யாரோ சாக்கை மாற்றிவிட்டதாக எழுதிவிடலாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மிளகு நம்ம மிளகுங்க. அதுக்கு ஏன் பொய் சொல்லணும்?"

விளைந்த தோட்டம், கொடி, விவசாயி மூன்றும் ஒரே படத்தில் வேண்டும் என்று இந்தியச் சுங்கத்திலிருந்து கேட்டார்கள். தோட்டம் தோட்டமாக அலைந்தேன். கடைசியாக அம்பிட்டியவில், எங்களுக்கு அதிகம் மிளகு தருகிற அக்கா வீடு. படமெடுக்கப் போனைத் தூக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத்தனை வருஷம் என் சொல்லை நம்பித்தானே வாங்குனீங்க? இப்ப நான் கள்ளியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க இல்லக்கா. தப்பு என்னோடது." கடையில்கூட அதை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் கொடியருகே போய் நின்றார். "அப்ப நீங்களும் வந்து நில்லுங்க. உங்க முகமும் தெரியட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுத்தார். முதலாளியைக் கேட்காமலே அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இந்தியத் துறைமுகத்துச் சுங்க அதிகாரி போன் போட்டுத் தமிழிலேயே கேட்டார்: "படத்துல ரெண்டாவதா நிக்கிறது யாரு?"

"சாக்கைத் திருப்பித் தைக்கச் சொன்னவ, சார்," என்றேன்.

மறுநாள் மிளகை விட்டார்கள்.