பேணாட் கேட்ட பூசையும் சீலா கேட்ட பூசையும்

சீலா பிள்ளைத்தாச்சி என்ற செய்தியை ஊருக்குச் சொன்னது சீலா இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு முன்னம் மாதா கோயில் ஒலிபெருக்கி சொன்னது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். யார் எதற்காகப் பூசை கேட்டிருக்கிறார்கள் என்பதை, வருகைப் பாட்டுத் தொடங்குமுன் நிரோஷினி ரீச்சர் மைக்கில் வாசிப்பார். செத்தவர்கள், பிறந்தநாள்காரர், விசாவுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். வெளியில் சொல்ல விருப்பமில்லாத சங்கதி என்றால் 'விசேட கருத்துக்காக' என்று கொடுத்துவிடுவார்கள் புத்தியுள்ளவர்கள். மகன் வீட்டை விட்டு ஓடினாலும் விசேட கருத்து, மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் விசேட கருத்து. கோயில் பங்கிலுள்ள முக்கால்வாசிக் குடும்பங்களின் மானம் அந்த இரண்டு சொல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பேணாட்டுக்கு அந்தப் புத்தி இல்லை.

"பேணாட், சீலா குடும்பத்தினர். சீலாவின் வயிற்றிலுள்ள குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கலாம் என்று பரிசோதனையில் வந்திருப்பதால், அது இல்லாமல் போகும்படி வேண்டி," என்று நிரோஷினி ரீச்சர் வாசித்தார். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் சொல்லுகிற குரல் அவருக்கு. ஒரு எழுத்து விழாது.

பெண்கள் பக்கத்து வாங்குகளில் முக்காடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சீலா பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள். ஆண்கள் பக்கத்தில் பேணாட் கண்ணை மூடிக் கைகட்டி நின்றான். ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவனின் முகம் அவனுக்கு. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்துறைமுகத்துப் பக்கம் மீன்பிடி ஜெற்றிக்குப் போகிற ஒழுங்கையில் சீலாவின் கடை. நைலோன் நூல், தூண்டில், ஈயக்குண்டு, மிதப்பு, வலைத்துண்டு எல்லாம் அங்கே இருக்கும். 'வலைக்கடை சீலா' என்றால் கிண்ணியா வரைக்கும் தெரியும். விலை குறைக்கச் சொல்லுகிறவனுக்கு ஒரு பார்வை வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தவன் மறுமுறை கேட்க மாட்டான். கடைக்குப் பின்பக்கக் கொட்டிலில் பேணாட் படகு எஞ்சின் திருத்துகிறான். கலியாணம் முடித்துப் பதினொரு வருசம். பிள்ளை இல்லை என்று கேட்டு அலுத்த சனம் கேட்பதை விட்டு, இவர்களும் ஆசையை விட்டு, முப்பத்தொன்பது வயதில் வயிற்றில் வந்து நின்றது. மூன்று மாதம் முடியுமட்டும் ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று இரண்டு பேருமாகத்தான் தீர்மானித்தார்கள்.

பன்னிரண்டாம் கிழமையில் ஸ்கான் எடுத்தார்கள். பிள்ளையின் பின்கழுத்தில் நீர் கொஞ்சம் கூடத் தெரிகிறது என்று இரத்தமும் எடுத்தார்கள். பிறகு கூப்பிட்டு டொக்டர் சொன்னார்: ஐம்பத்து நாலில் ஒன்று. "இருக்கு எண்டு இது சொல்லேல்ல. இருக்கக்கூடிய வாய்ப்பு மற்றவையிலும் பார்க்கக் கூட எண்டுதான் சொல்லுது. நிச்சயமாத் தெரியவேணும் எண்டால் பதினாறாம் கிழமை கொழும்புக்குப் போய், ஊசியால கருப்பையில இருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கவேணும். அதில கரு கலையிறதுக்கும் சின்ன வாய்ப்பு ஒண்டு இருக்கு. ரெண்டு பேருமாக் கதைச்சு முடிவெடுங்கோ."

ரெண்டு பேருமாகக் கதைத்து. அதுதானே நடக்கவில்லை.

திரும்பி வருகிற ஓட்டோவில் சீலா கேட்டாள். "இஞ்சருங்கோ, அப்பிடி ஒரு பிள்ளை வந்தால் நாங்கள் என்ன செய்யிறது?"

"வராது."

"வந்தால்?"

"நீ அதையே நினையாதை," என்றான் பேணாட். அதோடு அந்தக் கதையை விட்டு, ஓட்டோ எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று சாரதிக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினான்.

பிள்ளை எப்படி வந்தாலும் தனக்கு வேண்டும் என்பது சீலாவுக்கு ஓட்டோவில் ஏறமுன்னமே தெரிந்துவிட்டது. கலைக்கச் சட்டம் விடாது, விட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள். தம்பலகாமத்தில் அவளுடைய பெரியம்மாவின் மகளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான், கிருஷாந்தன். இப்போது பதினைந்து வயது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் படலை திறந்துவிட்டு, கைகொடுத்து, தேத்தண்ணி குடிக்காமல் போகவிடமாட்டான். அவனால் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்கு மூன்று வயதாயிருக்க வேலைக்கென்று கட்டாருக்குப் போன தகப்பன்தான் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. சீலாவுக்குப் பிள்ளையை நினைத்துப் பயமில்லை. தகப்பனை நினைத்துத்தான் பயம். பேணாட் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊசியோ கொழும்போ மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் மைக்கில் சொல்லிவிட்டான்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "விசேட கருத்து எண்டு குடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"என்ன கோளாறு எண்டு சொல்லாமல் எப்பிடித் திருத்துறது?" என்றான் பேணாட். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். "எஞ்சினைக் கொண்டந்து வைச்சிட்டு விசேட கோளாறு எண்டு சொன்னால் நான் என்னத்தைக் கழட்டுறது? ஆண்டவரும் அப்பிடித்தானே."

சீலா குசினிக்குள் போய்ச் சோற்றுப்பானையை அடுப்பில் வைத்தாள். வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. திங்கட்கிழமை கடை திறந்த நேரம் தொடக்கம் சனம் வந்தது. தூண்டில் வாங்க வந்தவனும் ஆறுதல் சொன்னான், தூண்டில் வாங்காதவனும் ஆறுதல் சொன்னான். வாங்காதவர்கள்தான் கனநேரம் நின்றார்கள். ஓர்ஸ் ஹில்லில் இருந்து ஒரு மனுசி இதற்கென்றே ஓட்டோ பிடித்து வந்து, தன் தங்கைக்கும் இதே மாதிரித்தான் சொன்னார்கள், பிள்ளை இப்போது பள்ளிக்கூட கிரிக்கெட் ரீமில் விளையாடுகிறான் என்றாள். அன்று மட்டும் கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளைகள் மூன்று பேரைச் சீலா கேள்விப்பட்டாள். இந்த மாவட்டத்தில் டொக்டர்மார் பிழையாகச் சொன்ன பிள்ளைகளை வைத்தே ஒரு ரீம் கட்டலாம் போலிருந்தது.

டொக்டர் சொன்ன கணக்கையும் பேணாட் கொட்டிலுக்கு வந்தவர்களுக்கு ஒப்புவித்திருந்தான். எல்லாருக்கும் ஒரே கணக்கு. ஐம்பத்து நாலில் ஒன்று என்றால் ஐம்பத்து மூன்று நல்லதுதானே. குறிஞ்சாக்கேணியில் இருந்து வலைநூல் எடுக்க வருகிற ஜவ்பர் நானாகூட அதையே சொன்னார். வேறு மதத்துக்காரர், பூசைக்கு வராதவர், அவராவது நூலை வாங்கிக்கொண்டு போவார் என்று சீலா நினைத்திருந்தாள்.

"யோசிக்க வேணாம் தங்கச்சி. ஒரு பெட்டித் தூண்டில்ல ஒண்டுதான் முனை மழுங்கியிருக்கும். அது ஒங்களுக்கு வராது. அல்லாஹ் லேசாக்குவான்."

"முனை மழுங்கின தூண்டிலைக் கொண்டந்தால் நான் மாத்தித் தருவன் நானா," என்றாள் சீலா. "இது கடைச் சாமான் இல்லை."

மனுசனின் முகம் வாடிவிட்டது. நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் சொன்னார். எல்லாருமே நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதுதான் சீலாவைக் கொன்றது. கெட்டதுக்குச் சொன்னால் திருப்பி ஏசலாம். நூலைச் சுற்றிக் கொடுக்கும்போது ஒரு சுற்று கூட வைத்துக் கொடுத்தாள்.

பின்னேரம் பேணாட்டின் அக்கா வந்தாள். சீலாவுக்கு மச்சாள். மாதா கோயில் எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள். வயிற்றில் பூசச் சொன்னாள். பப்பாசி தின்றாயா, கிரகணத்தன்று வெளியில் போனாயா, கடையில் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்கினாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சீலா இல்லை என்றாள்.

"அப்ப ஒண்டும் இராது," என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னாள். "நானும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். ஒண்டுமில்லாமல் பிறந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுறது எண்டு."

"ஏதும் இருந்தால் கொண்டுபோய்க் காட்டக்கூடாதா மச்சாள்?"

மச்சாள் வாயில் கை வைத்தாள். "விளக்கு வைக்கிற நேரத்தில இப்பிடிக் கதையாதை."

இதுதான் அந்தக் கிழமை முழுக்க. 'இருந்தால்' என்ற சொல்லைச் சீலா எடுத்தவுடன் எல்லாரும் கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பதறினார்கள். இருந்தால் என்ன செய்வோம் என்று ஒரு சீவன் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு இருதயத்தில் குறை இருக்கும், முன்னமே தெரிந்தால் எங்கே பெறுவது என்று தீர்மானிக்கலாம் என்று டொக்டர் சொன்னதை அவள் யாரோடு கதைப்பாள்? வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சுற்றி ஊரே கூடி நின்று, நீ அப்படியாயிருந்தால் வராதே என்று சொல்வது போலிருந்தது அவளுக்கு. அதையும் மைக்கில் தொடங்கிவைத்தது அந்தப் பிள்ளையின் சொந்தத் தகப்பன்.

வெள்ளிக்கிழமை அவள் கொட்டிலுக்குப் போனாள். பேணாட் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

"கொழும்புக்கு நாள் குறிக்கவேணும். போறதா, இல்லையா?"

"ஊசி போட்டுக் கரு கலைஞ்சால்?"

"அதைக் கேளுங்கோ. அதைக் கதைப்பம். எனக்கும் அந்தப் பயம் இருக்கு. போகாமல் விட்டால் விட்டதுதான். ஆனால் பிள்ளை அப்பிடி வந்தால் நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

பேணாட் கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தான், பிறகு எடுத்தான். "மாதாவிட்டைப் பாரம் குடுத்தாச்சு. வராது சீலா."

"நான் மாதாவைக் கேக்கேல்ல. உங்களைக் கேக்கிறன்."

அவன் எஞ்சினுக்குள் தலையை விட்டான். தலை போகக்கூடிய இடமே இல்லை அதில், ஆனாலும் விட்டான்.

சனிக்கிழமை கடையைப் பாதியில் பூட்டிவிட்டுச் சீலா நிரோஷினி ரீச்சர் வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்க ரீச்சரை என்ன ஏசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனாள். போய்க் கதிரையில் இருந்து, ரீச்சர் தந்த தண்ணீரைக் குடித்து முடித்தபோது வாயில் வேறொன்று வந்தது.

"நாளைக்கு ஒரு பூசை கேக்கவேணும் ரீச்சர்."

சொல்லச் சொல்ல ரீச்சரின் கண் விரிந்தது. "இப்பிடியெல்லாம் வாசிக்க ஏலாது சீலா. விசேட கருத்து எண்டு போடுவமே."

"போன கிழமை வாசிச்சனீங்கள்தானே?"

"அது உங்கட அவர் தந்தது. தந்தபடி வாசிச்சனான்."

"இது நான் தாறது. தந்தபடி வாசியுங்கோ."

ரீச்சர் கொப்பியையும் பேனையையும் எடுத்தார். "ஓம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. போன கிழமை வராதவர்களும் வந்திருந்தார்கள். கதை கேட்ட சனம். இறந்தவர்களை வாசித்தார்கள், பிறந்தநாள்களை வாசித்தார்கள். எழும்பிப் போய் நிறுத்தச் சொல்லலாமா என்று சீலா நினைத்த நேரம் ரீச்சரின் குரல் வந்துவிட்டது.

"சீலா. தன் வயிற்றிலுள்ள குழந்தை எப்படிப் பிறந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள, தன் கணவர் பேணாட்டுக்கு மனத்திடம் வேண்டி."

ஒரு எழுத்து விழவில்லை.

பாட்டுக்காரர் பாட்டைத் தொடங்க மறந்து நின்றார்கள். சீலா நேரே பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். இன்றைக்கு ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு இல்லை. கோபத்தில் செய்துவிட்டாள். பதினொரு வருசம் கூட இருந்த மனுசனை ஊர் முன்னால் நிறுத்தியாயிற்று. இனி அவன் கட்டாருக்குப் போனாலும் கேட்க வாயில்லை என்று நினைத்தாள்.

பூசை முடிந்து வெளியில் வந்தபோது பேணாட் வேப்பமரத்தடியில் நின்றான். அவனைச் சுற்றி நாலைந்து பேர். மச்சாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவள் விசரில குடுத்திட்டாள் தம்பி. நீ யோசிக்காதை. ஒண்டும் இராது."

"இருந்தால் என்ன அக்கா?" என்றான் பேணாட். அவனுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. எஞ்சின் சத்தத்துக்குள் கதைத்துப் பழகிய தொண்டை. "எங்கட பிள்ளைதானே. நேர்த்தியை மாத்தி வையுங்கோ. எப்பிடிப் பிறந்தாலும் மடுவுக்குக் கொண்டு போறம்."

மச்சாள் கையை விட்டாள். பேணாட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீலாவிடம் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"நெஞ்சில குறை இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர்தானே? அது முன்னமே தெரிஞ்சால் நல்லது. கொழும்புக்குப் போவம்."

"இதை அண்டைக்கு ஓட்டோவில சொல்ல ஏலாதா உங்களுக்கு?" என்றாள் சீலா. ஏசத்தான் தொடங்கினாள். பாதியில் அழுகை வந்துவிட்டது, சனத்துக்கு நடுவில், அடக்க முடியாமல்.

"பயமாயிருந்தது," என்றான் பேணாட். "நான் சொன்னால் அது வந்திடும் மாதிரி இருந்தது."

"எனக்கும்தான் பயம். நான் ஆரிட்டைச் சொல்லுறது?"

அவன் சீலாவின் பாட்டுப் புத்தகத்தையும் குடையையும் தன் கையில் வாங்கிக்கொண்டான். சனம் கலையவில்லை. கலைந்தால் ஏதும் தவறிப்போய்விடும் என்ற மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்து நிரோஷினி ரீச்சர் கோயில் வாசல்படியில் இறங்கி வந்தார்.

"அடுத்த கிழமைக்கும் ஏதும் வாசிக்கவேணுமா சீலா?"

சீலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"வேண்டாம் ரீச்சர்," என்றாள். "இனி நாங்களே கதைக்கிறம்."