கறுப்பிக்கு வைத்த தூள்

கரவெட்டிச் சிவகௌரிக்குச் சக்களத்தி லொறியில் வந்து இறங்கினாள். நாலு கால், கறுத்த உடம்பு, நீண்ட பிடரி. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாமென்று புருசன் கேதீஸ்வரன் வாங்கிவந்த பெண்குதிரை. பெயர் கறுப்பி. வந்த அன்றே அவன் அதைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டான். கட்டின பெண்சாதியை இன்றுவரை பெயர் சொல்லாமல் 'இஞ்சை' என்றுதான் கூப்பிடுகிறான்.

சிவகௌரியைக் குறை சொல்ல நான் ஆயத்தமில்லை. வேலையால் வந்ததும் வீட்டுக்குள் எட்டியும் பாராமல் குதிரைக் கொட்டிலுக்குப் போகிற மனுசனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும். அவள் ஆற்றிவைக்கிற பால்தேத்தண்ணியில் ஆடை படர்ந்து கிடக்கும்.

ஊர்ப் புல்லை மேய்ந்து கொஞ்சக் காலத்தில் கறுப்பியின் மயிர் செம்பட்டை பாய்ந்தது, குளம்பு வெடித்தது. மாட்டு டொக்டர் இரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"உங்கடை சுண்ணாம்புத் தரைப் புல்லிலை செம்புச் சத்தும் துத்தநாகச் சத்தும் காணாது. இந்தத் தூளை நாளுக்கு ஒரு கரண்டி வையுங்கோ. கூடினால் நஞ்சு, கவனம்."

கேதீஸ்வரன் விடியக்காலை பஸ்ஸில் யாழ்ப்பாணத்துச் சீமெந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறவன். தூள் வைக்கிற பொறுப்பு சிவகௌரியின் தலையில் விழுந்தது.

"பனங்கட்டி போட்டுத் தவிட்டிலை குழைச்சு வையும். பிள்ளைக்குக் கைக்கும்."

பனங்கட்டியாம்! முந்தின மாதம் தலைசுற்றிக் கிணற்றடியில் அவள் விழுந்துவிட்டபோது "வெயிலாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வெறும் தவிட்டைக் குதிரைக்கு வைத்தாள். பனங்கட்டியைத் தன் வாயில் போட்டாள். தூளை வாழையடியில் கொட்டினாள். நாள்தோறும் இதுவே வழக்கமாயிற்று.

பலன் தலைகீழாய்ப் போயிற்று. செம்பட்டை கூடக்கூடக் கேதீஸ்வரன் கொட்டிலோடேயே கிடந்தான். ஒரு கலியாணவீட்டார் வந்து பார்த்து, "கறுப்புக் குதிரையெண்டெல்லோ சொன்னனீங்கள்" என்று திரும்பிப் போனார்கள். அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைச் சிவகௌரி குசினியில் சமைத்துக்கொண்டே யன்னலால் பார்த்தாள். நான் செத்தால் இப்படி அழுவாரா என்று நினைத்தாள். அழமாட்டார் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முற்றத்திலிருந்து சந்தோசமாகக் கூப்பிட்டான்.

"இஞ்சை, ஓடி வாரும்! பிள்ளை கயித்தை அவிட்டுக்கொண்டு போய் வாழையடி மண்ணை என்னமா நக்குது பாரும்!"

சிவகௌரி வாசலுக்கு வந்து பார்த்தாள். வாய் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் குதிரை போகும். சக்களத்தி தொலையட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஓடினாள்.

"ஐயோ, இழுங்கோ! அவ்வளவு தூளும் உதிலைதான் கிடக்கு. நான் ஒருநாளும் வைக்கேல்லை."

கேதீஸ்வரன் குதிரையை இழுத்துக் கட்டினான். டொக்டருக்குப் போன் எடுத்தான். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"வாயில்லாச் சீவனுக்கு இப்பிடிச் செய்ய உமக்கு எப்பிடியப்பா மனம் வந்தது?"

"கிணத்தடியிலை விழுந்து கிடந்தனே, பிறகு எப்பிடி இருக்கெண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

அவன் திண்ணையில் போய்க் குந்தினான். டொக்டர் வந்து பார்த்தார். மழை பெய்து தூள் கரைந்து போயிருக்கும், குதிரை தின்றது கொஞ்சம்தான், பயமில்லை என்றார்.

அவர் போனதும் கேதீஸ்வரன் எழுந்தான். முகம் கலங்கியிருந்தது. தன்னிடம்தான் வருகிறான் என்று சிவகௌரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அவளைக் கடந்து கொட்டிலுக்குப் போனான். குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தான்.

"என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை. நான் உன்னைக் கவனிக்காமல் விட்டிட்டன்."