பிடிக்குள் ஒரு பள்ளம்

புருஷனை அடக்கம் செய்த கையோடு தெல்மா ஸ்டானிஃபோர்த் அவனுடைய தச்சுச் சாமான்கள் அத்தனையையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஷெஃபீல்டில் இது லேசான காரியம் இல்லை. ரம்பமும் கத்தியும் செய்தே வயிறு வளர்த்த ஊர். செத்தவனின் ரம்பத்துக்குப் பேரன் காலம் வரை எண்ணெய் போட்டு வைப்பார்கள். அக்கம்பக்கம் மூக்கில் விரலை வைத்தது. வைக்கட்டுமே. ரெஜ்ஜோடு ஒரு ஆயுசு குடித்தனம் பண்ணியது அக்கம்பக்கமா?

கை ஓங்கினான் என்று யாரும் சொல்ல முடியாது. வாய்தான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்து வேலையில் ஊர்ப் பிள்ளைகளை ஒரே அதட்டில் வரிசையில் நிறுத்திய பெண்பிள்ளை, தன் வீட்டில் அவன் பட்டறை போட்டிருந்த நிலவறையின் படியில் கால் வைக்க அவன் முகத்தைப் பார்ப்பாள். மரவேலையில் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கொள்ளை ஆசை. “உன் கைக்குக் கரண்டி போதும்” என்பான். அவ்வளவுதான், ஆசை அடங்கிவிடும்.

அவன் போன பிறகு, தபாலில், ரம்பத்தை நாமே பூட்டிக்கொள்கிற சாமான் பெட்டி ஒன்று வரவழைத்தாள். மரப்பெட்டிகளின் மூலைகளைப் புறா வால் போல வெட்டிக் கோப்பதற்கான சின்ன ரம்பம். பல் வெட்டிய தகடு, அதன் முதுகுக்கு ஒரு பித்தளைப் பட்டை, இரண்டு பித்தளைத் திருகு, பிடிக்கு, பீச் என்கிற கெட்டி மரத்தில் ஒரு துண்டு. பிடியை அவரவர் கைக்குத் தக்கபடி அவரவரே அராவிக்கொள்ள வேண்டும்.

மகள் லிண்ட்ஸி தொலைபேசியில் சிரித்தாள். “அப்பாவோட ரம்பத்தையெல்லாம் சும்மா குடுத்துட்டு, இப்ப காசு போட்டு ரம்பம் வாங்கறியா? நல்லாயிருக்கும்மா உன் கணக்கு.”

“அது அவருது கண்ணு. இது என்னுது. இந்த வீட்ல என்னுதுன்னு ஒண்ணு இருக்கட்டும்.”

தேநீர் குடித்த பிறகு தினமும் நிலவறைக்கு இறங்குவாள். மரத்துண்டை மேசையோரத்து இடுக்கியில் மாட்டி, அராவி, கழற்றி, பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டுவாள். பீச் மரத்தூள் கம்பளிச் சட்டையெல்லாம் ஒட்டும். அத்தனை சந்தோஷமாக அவள் எதையும் செய்ததில்லை.

ஒருநாள் பிடியைக் கையில் எடுத்தபோது கீழ்க்கோடியில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் அதில் உட்காரவில்லை. அது மடங்காத விரலுக்கான பள்ளம்.

ரெஜ்ஜின் சுண்டுவிரல் மடங்காது. வாலிபத்தில் உருக்காலையில் நசுங்கி, குச்சி போல வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. அதற்காகத் தன் ரம்பப் பிடி ஒவ்வொன்றிலும் இதே இடத்தில் இப்படியொரு பள்ளம் தோண்டி வைப்பான். அந்த ரம்பங்களில் ஒன்றுகூட இப்போது வீட்டில் இல்லை. பார்த்துச் செய்தாள் என்று சொல்ல வழியில்லை.

வருஷக்கணக்காய்ப் பார்த்த பழக்கதோஷம் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். சுற்றிலும் அராவி, பள்ளத்தைச் சமமாக்கி, உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டு மேலே போனாள். மறுநாள் வேலைக்கு நடுவே தடவினால் பள்ளம் அங்கேயே இருந்தது. மறுபடி சமமாக்கினாள். மறுபடி வந்தது. ஒருமுறை அராவுவதை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கை நின்ற பிறகும் அரத்தின் சத்தம் ஒரு இழுப்பு அதிகமாகக் கேட்டது.

ஓடவில்லை அவள். எங்கே ஓடுவது? அது அவள் வீடு. ஆனால் பிடி இளைத்துக்கொண்டே வந்தது. இன்னும் ஒருமுறை சமப்படுத்தினால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் அவளுடையது என்று எதுவும் மிஞ்சாது.

அதனால் பள்ளத்தை அப்படியே விட்டாள். தகட்டைச் செருகினாள், பித்தளைத் திருகுகளை முடுக்கி மரத்தோடு மட்டமாக அராவினாள், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாள், பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டினாள். கடைசியில் துணியால் துடைத்துக் கையில் பிடித்தபோது, அடேயப்பா, அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கினாள், மடங்கவில்லை. ரம்பத்தை வைத்துவிட்டு மற்றக் கையால் மடக்கினாள். அப்போதும் மடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிண்ட்ஸி வந்தாள். இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டாள்.

“என்னம்மா, ராணியம்மா மாதிரி விரலை நீட்டிட்டுக் கோப்பை பிடிக்கற?”

“கீழ ஒரே குளிரு. பிடிச்சுக்கிச்சு. வா, ரம்பத்தைக் காட்டறேன்.”

நிலவறையில் இருந்தது ஒற்றைக் குண்டு பல்பு. லிண்ட்ஸி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தெல்மா ஒரு பலகையை இடுக்கியில் மாட்டி, பென்சில் கோட்டில் ரம்பத்தை வைத்து இழுத்தாள். வெண்ணெயில் போவது போலப் போயிற்று. கோடு மயிரிழை பிசகவில்லை. முதல் வெட்டு யாருக்காவது இப்படி வருமா? அவளுக்குப் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

“நேராப் பிடிடி! ஒரு விளக்கு பிடிக்கக்கூடத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்கு?”

குரல் தெல்மாவின் தொண்டையிலிருந்துதான் வந்தது. நாற்பது வயதுப் பெண் லிண்ட்ஸி, தோளைக் குறுக்கி, இரண்டு கையாலும் விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயதில் இதே இடத்தில் ரெஜ்ஜுக்கு விளக்குப் பிடித்தபோதும் இப்படித்தான் நின்றாள். அன்றைக்கு நிலவறைப் படிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெல்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அப்பா...” என்றாள் லிண்ட்ஸி மெதுவாக. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தெல்மா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டாற்போல இருந்தது. ரெஜ் சாகிற வரை ஒருத்தரிடமும் சொல்லாத சொல் அது. ரம்பம் பாதி வெட்டில் நின்றது, விரல் விறைத்து வலித்தது. அவள் விடவில்லை. மூச்சு முட்ட, எச்சிலைக் கூட்டி விழுங்கி, மறுபடி வாயைத் திறந்தாள்.

“தப்பு என்னுது கண்ணு. மன்னிச்சுக்கோ.”