கடைத்தெருவில் நிற்க மறுத்த கார்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஒலுவில் கம்பஸில் படித்து, அரசாங்க வேலை எடுத்து, சின்னதாய்ப் பழைய கார் ஒன்றை என் பெயரில் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வது எனக்கே கேட்கும். உயரட்டும்.

கார் வீட்டுக்கு வந்த அன்று உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாப்பாவிடம் சொன்னார்.

"மச்சான், இவள் ஒரு நாளைக்கு ஆரையாவது அடிச்சிட்டு வந்து நிப்பாள். அண்டைக்குச் சாவியப் புடுங்கி வெச்சிருங்க."

வாப்பா கரைவலைத் தோணிக்காரர். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கதைத்தே பழகியவர். அன்று அவர் குனிந்து சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சொன்னதை ஒத்துக்கொண்டாரா, காதில் போடவே இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு எப்போது வண்டியை எடுத்தாலும், மாமா சொன்ன அந்த ஒரு நாள் என்னோடு முன் சீற்றில் ஏறிக்கொள்ளும்.

அது நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள். பிறை தென்பட்டால் விடிந்தால் பெருநாள். தம்பிக்கு அந்த வருடம்தான் கல்யாணம் பேசியிருந்தோம். பேசி வைத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெருநாள் உடுப்புக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் நோன்பு திறக்கும் முன் போய்ச் சேர வேண்டும். தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கவும் கோழி வாங்கவும் இன்னும் போகவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டோம். உம்மா பின் சீற்றில், மடியில் உடுப்புப் பெட்டி, அதற்கு மேல் வட்டிலாப்பச் சட்டி. வாப்பா என் பக்கத்தில்.

காருக்குள் மீன் வாடை அடித்தது. வாப்பாவிடமிருந்துதான் என்று நினைத்தேன். குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தரும் பூசிக்கொண்டு வந்திருந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? பேசாமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"இஞ்சேருங்க, என்ன இது நாத்தம்?" என்றார் உம்மா.

வாப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்டுமில்ல, காத்துப் பட்டாப் போயிரும்" என்றார்.

எங்கள் கடற்கரை ஒழுங்கை ஒடுங்கிய மணல் பாதை. வண்டி ஊர்ந்துதான் வந்தது. பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் பிரேக்கை மிதித்தபோது காலுக்கடியில் ஒரு வழுக்கல் தெரிந்தது. புதுச் செருப்பின் குணம் என்று எண்ணினேன். அதற்குள் கடைத்தெரு வந்துவிட்டது.

பெருநாளுக்கு முதல் நாள் எங்கள் கடைத்தெருவில் ரோடு என்று ஒன்று இருக்காது. சனம் மட்டும்தான் இருக்கும். வத்தகப்பழக் குவியல்கள், வளையல் தட்டுகள், தலைக்கு மேலே தொங்கும் சின்னப் பிள்ளைச் சட்டைகள். எனக்கு முன்னால் போன ஆட்டோ திடீரென்று ஓரம் வெட்டியது. அது விலகிய இடத்தில், கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

மிதித்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது.

இன்னும் மிதித்தேன். எண்ணெய்ச் சட்டியில் கால் வைத்ததுபோல் கார் வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய வாய் திறந்தது. சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் உம்மா "யா அல்லாஹ்!" என்று கத்தியது மட்டும் கேட்டது. கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாய் வீசி, ஒரு வத்தகப்பழக் குவியலை இடித்துக்கொண்டு நின்றது. பழங்கள் உருண்டு ரோடெல்லாம் போயின.

இறங்கினேன். இறங்கியது நினைவில்லை, நின்றதுதான் நினைவிருக்கிறது. முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு சிவப்புச் செருப்பு கிடந்தது. சின்னஞ்சிறு செருப்பு. அதைத் தவிர வேறெதையும் என் கண் பார்க்க மறுத்தது.

"என்ட புள்ள போயிட்டா எண்டே நினச்சன்!" என்று அந்தப் பெண் அலறினாள். பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கால் இருந்தது. கடைசி நொடியில் இழுத்துத் தூக்கியிருக்கிறாள். செருப்பு மட்டும் கழன்று விழுந்திருக்கிறது.

சனம் சூழ்ந்துவிட்டது.

"பொம்புளைக்கு என்னத்துக்குக் கார்?"

"பிரேக்குக்கும் அக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது, ஓட வந்துட்டாங்க."

"படிச்ச புள்ளயாம்!"

சக்கரத்தடியில் குனிந்தேன். சக்கரத்திலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதோடு அந்த வாடையும் வந்தது, இப்போது சூடாக. எனக்கு அது தெரிந்த வாடை. பெருநாளுக்குத் தோணியைக் கரையேற்றிக் கழுவிக் காயவிட்டு, பலகைக்கும் நங்கூரத்துக்கும் வாப்பா பூசும் சுறாவெண்ணெய். அவர் மேலிருந்து வரவே இல்லை அது. காரிலிருந்து வந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் கடைத்தெரு முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் மாமாவின் வாக்குப் பலித்துவிடும்.

வாப்பா காரை விட்டு இறங்கி, கடற்கரைக் குரலை எடுத்தார்.

"அவளை ஏசாதீங்க! நாந்தான் பூசினன். முன் சக்கரத்துக்குள்ள இரும்புத் தட்டுத் துருப் புடிச்சுக் கிடந்திச்சு. உப்புக் காத்து தின்னுரும் எண்டு விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு சுறாவெண்ண பூசினன். அது பிரேக் புடிக்கிற தட்டு எண்டு எனக்குத் தெரியா. அவளுக்கு நான் பூசினதே தெரியா."

கூட்டத்தில் வாப்பாவை அண்ணன் முறை சொல்லி யாரோ ஒருவர், "ஏன் காக்கா, காரக் கடல்ல எறக்கப் போறீங்களா?" என்றார். "வலையையும் ஏத்துங்க காக்கா!" என்றார் இன்னொருவர். சனம் வெடித்துச் சிரித்தது. பழக்கடைக்காரரும் உருண்ட பழங்களைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தார்.

வாப்பா சிரிக்கவில்லை. சக்கரத்தடியிலிருந்து செருப்பை இழுத்தெடுத்து, தன் வெள்ளைச் சாரத்தில் துடைத்து, ரோட்டில் முழங்காலிட்டு அந்தப் பிள்ளையின் காலில் போட்டுவிட்டார். பிள்ளை மூக்கைச் சுருக்கி, "நாறுது" என்றது. தாய் அப்போதுதான் அழத் தொடங்கினாள். அவளோடு நானும்.

உம்மாவை உடுப்போடு பெண் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். வட்டிலாப்பம் பாதி அவருடைய மடியில் கொட்டியிருந்தது, பெட்டி நனையவில்லை. காரைப் பக்கத்துக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே தட்டுகளைக் கழுவிப் பிரேக் கட்டைகளை மாற்றி, நோன்பு திறக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். நான் தொடவில்லை. சாவியை வாப்பாவின் கையில் வைத்து, "மாமாட்டக் குடுங்க" என்றேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பெருநாள் காலை தொழுகை முடிந்து வந்ததும் உம்மா பெருநாள் சலாம் சொல்லப் பெண் வீட்டுக்கு மறுபடி போக வேண்டும் என்றார். வாப்பா சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஏலா வாப்பா. இனி நான் சாவியத் தொட மாட்டன்."

"ஏறு மகள்."

ஏறினேன். அவர் ஏறவில்லை. புதுச் சாரத்தோடு ஒழுங்கையில் நடந்து போய், தூரத்தில், நடு வழியில், என்னைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வா. வந்து நிப்பாட்டு."

கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? விலகுங்க வாப்பா!"

"நான் செஞ்ச வேல. நாந்தான் முன்னால நிக்கணும். வா."

உம்மா வாசலில் நின்று இருவரையும் ஏசினார். வாப்பா அசையவில்லை. காரை நகர்த்தினேன், ஆமைபோல. கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, மிதித்தேன். கார் குத்தி நின்றது. அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு தோணி கிடக்க இடம் இருந்தது.

"இன்னும் கிட்ட வா!" என்று கத்தினார்.

மறுபடி நகர்த்தி, மறுபடி மிதித்தேன். நின்றது. மிச்சத் தூரத்தை அவரே நடந்து வந்து, கரையேறிய தோணியைத் தொடுவதுபோல் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி, உம்மாவைக் கூப்பிட்டார்.